அப்பாவின் ஸ்பூல் டேப்புகள்: ஒன்றைப் போட்டேன், கிறீச்சிட்டு நின்றுவிட்டது

#1 தூசிதட்டி

எல்லோருக்கும் வணக்கம். அப்பா விட்டுப்போன தகரப் பெட்டியில் 14 ஸ்பூல் டேப்புகள் கிடைத்தன. பெரும்பாலும் 7 அங்குலம், மூன்று மட்டும் 5 அங்குலம். அப்பா கொஞ்ச காலம் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராக இருந்தார். சில அட்டைகளில் "பாட்டு வகுப்பு" என்று அவர் கையெழுத்து. ஒன்றில் "நான் பேசியது". மற்றவற்றில் ஒன்றும் எழுதவில்லை.

ஸ்பூல் ஓட்டும் பழைய கால்தட ஸ்டீரியோ டெக் ஒன்றை வாங்கி, ஆசையோடு முதல் டேப்பைப் போட்டேன். மூன்று நிமிடம் அருமையாக ஓடியது. அப்புறம் ஒலி மங்கிக்கொண்டே போய், கதவுக் கீல் போலக் கிறீச்சிட்டு, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு டேப் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஹெட் முழுக்கப் பழுப்பு நிறப் பசை. ஈரத் துணியால் டேப்பைத் துடைத்தால் சரியாகுமா? நான் இந்தத் தொழில் தெரிந்தவள் இல்லை.

#2 காந்தத்தூள்

துடைக்க வேண்டாம். வேறு எந்த டேப்பையும் போடவும் வேண்டாம். மாட்டிக்கொண்ட டேப்பை வேகமாகத் திரும்பச் சுற்றவே கூடாது. ஒட்டியிருக்கும் அடுக்குகளை இழுத்துப் பிரித்தால் பூச்சு உரிந்து வந்துவிடும். ஸ்பூலைக் கையால் மெல்லச் சுற்றி எடுத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

அப்புறம் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அட்டையில் என்ன பிராண்ட், என்ன எண்? டேப்பின் பின்பக்கம் பளபளப்பா, மங்கிய கறுப்பா? ஸ்பூலை விளக்குக்கு எதிரே பிடித்தால் சுற்றின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா? கடைசியாக, பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வருகிறதா?

#3 சந்தேகப்பேர்வழி

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. பழைய டேப் என்றால் அழுக்கு வரத்தான் செய்யும். ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டியதுதான். நான் 40 ஸ்பூலாவது அப்படி ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

#4 காந்தத்தூள்

உங்கள் 40 ஸ்பூலும் 1960களின் டேப்பாக இருந்திருக்கும், அதனால் தப்பித்தீர்கள். தூசிதட்டி சொல்வது வேறு நோய். காந்தத்தூளை (என் பெயரே அதுதான்!) பிளாஸ்டிக் நாடாவில் ஒட்டவைக்க ஒரு பசை வேண்டும். 1970களிலிருந்து பல கம்பெனிகள் பயன்படுத்திய பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை இழுத்துச் சிதைகிறது. சிதைந்தது பிசுபிசுவென்று மேலே வருகிறது. பின்பக்கம் கறுப்புப் பூச்சு உள்ள டேப்புகளில்தான் இது அதிகம். ஆங்கிலத்தில் "ஸ்டிக்கி ஷெட்" என்பார்கள். ஆம்பெக்ஸ் 406, 407, 456, ஸ்காட்ச் 226, 227 எல்லாம் இதில் பேர்போனவை.

ஹெட்டில் இருந்த பழுப்புப் பசையை அழுக்கு என்கிறீர்கள். டேப்பில் பழுப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடு மட்டும்தான், பதிவு இருப்பதும் அதில்தான். நீங்கள் பஞ்சில் துடைத்துக் குப்பையில் போடுவது பாட்டு.

#5 தூசிதட்டி

பார்த்துவிட்டேன். மாட்டிக்கொண்டது ஆம்பெக்ஸ் 406-தான், பின்பக்கம் கறுப்பு. அதே மாதிரி இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து ஸ்பூல்களில் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறது, தேன் நிறத்தில். அந்த ஐந்தில் ஒன்றைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வினிகர் வாடை. மற்ற ஏழும் வெளிச்சம் விடாத பழுப்பு, பின்பக்கம் பளபளப்பு. மூன்று 5 அங்குலமும் இந்த ஏழில் அடக்கம்.

அட்டையை நம்பலாமா என்று தெரியவில்லை. ஓர் அட்டையில் ஒரு பிராண்ட், உள்ளே ஸ்பூலில் இன்னொன்று.

#6 வால்வுக்காலம்

அட்டையை நம்பக் கூடாது அம்மா. அந்தக் காலத்தில் காலி அட்டை எது கையில் கிடைத்ததோ அதில் போட்டு வைப்போம். டேப்பைத்தான் பார்க்க வேண்டும், நீங்கள் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள்.

வெளிச்சம் தெரிகிற ஐந்தும் அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். அறுந்தால் கண்ணாடி போலச் சுத்தமாக அறும், இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினால் ஒரு சொல்கூடப் போகாது. மற்றவை பாலியெஸ்டர். அது அறுவதற்கு முன் ரப்பர் போல இழுபடும், இழுபட்ட இடம் போனது போனதுதான். வேடிக்கை என்னவென்றால், பழையதுதான் நன்றாக நிற்கிறது. ஜெர்மனியில் ஏ.இ.ஜி. கம்பெனி மேக்னட்டோபோனை 1935-இல் காட்டியது. மறு ஆண்டு லுட்விக்ஸ்ஹாஃபனில் தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் ஃபில்ஹார்மோனிக் கச்சேரியை அதில் பதிந்தார்கள். அந்தப் பதிவில் சில பகுதிகளை இன்றும் கேட்கலாம். அதற்கு நாற்பது வருஷம் கழித்துச் செய்த டேப்போ உங்கள் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். கறுப்பு முதுகு இரண்டையும் சூடு காட்ட வேண்டும், "பேக்கிங்" என்று சொல்வார்கள். 54 டிகிரி செல்சியஸில் கால் அங்குல டேப்புக்கு எட்டு மணி நேரம். பாதியில் ஸ்பூலைத் திருப்பிப் போட வேண்டும். முடிந்ததும் அதே அளவு நேரம் தானாக ஆற விட வேண்டும். பழம் உலர்த்துகிற மின்பெட்டி இதற்குத் தோது, சூடான காற்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள். அடுப்பு வேண்டாம், அது ஏறி ஏறி இறங்கும். மைக்ரோவேவ் கூடவே கூடாது.

இது நிரந்தர வைத்தியம் இல்லை. சில வாரங்களில் டேப் மறுபடி ஈரம் வாங்கிக்கொள்ளும். அதற்குள் பதிந்துவிட வேண்டும்.

அசிடேட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் சூட்டில் வைக்காதீர்கள். சுருங்கி வளைந்து பாழாகிவிடும்.

இன்னொன்று. கேசட்டில் ஓரத்துப் பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டால் அதன் மேல் பதிய முடியாது. ஸ்பூலில் அந்தக் காவல் கிடையாது. சிவப்புப் பொத்தானும் ஓட்டும் பொத்தானும் சேர்ந்து அழுந்தினால் முடிந்தது கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேட்டியின் முதல் இருபது விநாடியை அப்படி அழித்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சிவப்புப் பொத்தானின் மேல் சாதாரண ஒட்டும் டேப்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். தெரிந்தவர்கள் கருவியைத் திறந்து அழிக்கும் ஹெட்டின் இணைப்பையே எடுத்துவிடுவார்கள்.

#7 சந்தேகப்பேர்வழி

54 டிகிரியில் எட்டு மணி நேரமா? சூட்டில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் படியாதா? பாட்டு தொடங்கும் முன்பே பேய்க்குரலாக முன்னோசை கேட்குமே, அது இதனால் கூடாதா? சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்தால் போதாதா?

#8 காந்தத்தூள்

நியாயமான கேள்வி. ஆம், சூடு அந்தப் படிவைக் கூட்டும். ஆனால் அது பலவீனமான படிவு. டேப் ஆறிய பிறகு இரண்டு மூன்று முறை மெல்ல முன்னும் பின்னும் சுற்றினால் கணிசமாகக் குறைந்துவிடும். ஒட்டிக்கொண்டு ஓடவே ஓடாத டேப்பில் முன்னோசையைப் பற்றி யார் கவலைப்பட?

சிலிக்கா ஜெல்லோடு மாதக்கணக்கில் மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ததில்லை, அதனால் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாக் கிறீச்சும் ஸ்டிக்கி ஷெட் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில டேப்புகளில் வழுக்குப் பொருள் காய்ந்துபோய்க் கிறீச்சிடும், ஹெட்டில் பசை வராது. அதைச் சூட்டில் வைத்துப் பிரயோஜனம் இல்லை. பசை வந்ததா என்பதுதான் கேள்வி, தூசிதட்டிக்கு வந்திருக்கிறது.

#9 வால்வுக்காலம்

சூடு காட்டிய டேப்பைப் போடும் முன் கருவியைச் சுத்தம் செய்யுங்கள். டேப் தொட்டுப்போகிற உலோகம் எல்லாவற்றையும், ஹெட், கேப்ஸ்டன் (டேப்பை ஒரே வேகத்தில் இழுக்கும் தண்டு), வழிகாட்டிகள், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், லேசான சோப்புத் தண்ணீர் போதும். ஒவ்வொரு ஸ்பூலுக்குப் பிறகும் மறுபடி.

காந்தம் நீக்கும் கோல் இருந்தால் ஹெட்டுக்குப் பயன்படுத்தலாம். ஸ்பூல்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கருவியை அணைத்துவிட்டு, கோலை ஒரு கை தூரத்தில் வைத்தே போட்டு, மெல்லக் கொண்டுவந்து, மெல்ல விலக்கி, மறுபடி தூரத்தில்தான் அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்து அணைத்தால் இருந்ததைவிட அதிகக் காந்தம் ஏறிவிடும்.

#10 தூசிதட்டி

ஓடியது! 406 இரண்டும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடின. நொடிக்கு 19 செ.மீ. வேகம், ஒவ்வொன்றும் 32 நிமிடம். பாட்டு வகுப்புதான். சுருதிப் பெட்டி சத்தமும், யாரோ தாளம் தப்பும்போது அப்பா சிரிப்பதும்கூடக் கேட்கிறது. ஹெட்டில் லேசான கறைதான், பசை இல்லை.

ஆனால் 5 அங்குலத்தில் ஒன்றை 9.5 செ.மீ. வேகத்தில் போட்டால் பயமாக இருக்கிறது. இடது ஸ்பீக்கரில் அப்பா பேசுகிறார். வலது ஸ்பீக்கரில் அதே நேரம் யாரோ புரியாத மொழியில் மூச்சை உள்ளே இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள். டேப் கெட்டுவிட்டதா?

#11 வால்வுக்காலம்

பயப்படாதீர்கள், அதுவும் உங்கள் அப்பாதான். பின்னிருந்து முன்னாகப் பேசுகிறார்.

அது அரைத்தட மோனோ டேப். மேல் பாதியில் ஒரு பக்கம் பதிந்து, ஸ்பூலைத் திருப்பிப் போட்டுக் கீழ்ப் பாதியில் மறுபக்கம் பதிந்திருக்கிறார். உங்கள் டெக்கில் இருப்பது கால்தட ஹெட். டேப்பின் அகலத்தை நான்காகப் பிரித்து முதல் தடத்தை இடப்பக்கமும் மூன்றாவது தடத்தை வலப்பக்கமும் படிக்கிறது. மூன்றாவது தடம் விழுவது கீழ்ப் பாதியில். அங்கே இருப்பது மறுபக்கப் பதிவு, தலைகீழாக.

இதில் ஒரு லாபம் உண்டு. டேப்பை ஒரே முறை ஓட்டி இரண்டு பக்கத்தையும் கணினியில் ஏற்றிவிடலாம். வலது தடத்தைத் தனியாகப் பிரித்து மென்பொருளில் "திருப்பு" என்று ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். நலிந்த டேப்புக்கு ஒரு ஓட்டம் மிச்சம். நஷ்டம் என்னவென்றால், பதிந்த அகலத்தில் பாதியைத்தான் உங்கள் ஹெட் படிக்கிறது, அதனால் இரைச்சல் சுமார் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். அரைத்தட ஹெட் உள்ள கருவி கிடைத்தால் அதில் பதிவதே மேல்.

#12 ஈரக்காது

நான் பாடகன், கருவி ஆள் இல்லை. ஆனால் அசிமத் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். பதிந்த கருவியின் ஹெட்டும் ஓட்டுகிற கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் மேல் ஸ்தாயி முழுக்கப் போர்வை போர்த்திய மாதிரி மங்கிவிடும். அப்புறம் கணினியில் "ட்ரெபிள்" ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சிறு திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, "ச", "ஷ" ஒலிகள் எப்போது பளிச்சென்று கேட்கின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். தொடங்கும் முன் திருகின் பழைய நிலையைப் பெயிண்டால் குறித்து வையுங்கள். இடது வலது இரண்டையும் கூட்டி மோனோவாகக் கேட்டால் வித்தியாசம் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

#13 காந்தத்தூள்

எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் தூசிதட்டிக்குப் பொருந்தாது. அவருடைய டேப்பில் இரண்டு தடமும் வேறு வேறு பதிவு. கூட்டினால் கஞ்சிதான் கிடைக்கும். ஒரு தடத்தை மட்டும் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒரே கருவியில் இரண்டு பக்கமும் பதிந்திருந்தால் ஒருமுறை செய்தது மறுபக்கத்துக்கும் போதும். டேப்பைத் திருப்பிப் போட்டாலும் ஹெட் டேப்பில் பதித்த கோட்டின் சாய்வு மாறாது. ஒரு காகிதத்தில் சாய்கோடு போட்டுத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், புரியும்.

#14 தூசிதட்டி

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்! திருகை முக்கால் மி.மீ. கூடத் திருப்பியிருக்க மாட்டேன், அப்பாவின் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

கணினியில் எந்த அளவில் பதிவது? எம்பி3 போதுமா?

#15 காந்தத்தூள்

எம்பி3-ஐ உறவினர்களுக்கு அனுப்பக் கடைசியில் செய்துகொள்ளுங்கள். மூலப் பதிவு வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 96,000 மாதிரிகள்) இருக்கட்டும். ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். உச்சம் பூஜ்யத்துக்குக் கீழே 6 முதல் 10 டெசிபலில் நிற்கிற மாதிரி அளவு வையுங்கள். தானாக அளவு மாற்றும் வசதி, இரைச்சல் நீக்கி, எதையும் பதியும்போது போடக் கூடாது.

#16 சந்தேகப்பேர்வழி

இங்கே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் வீட்டு மைக்கில் பதிந்த பேச்சு. அதில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சலைத் தவிர என்ன இருக்கப் போகிறது? 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே 24 கிலோஹெர்ட்ஸ் ஒலி வரை பிடிக்கும். 96 என்பது காலி டப்பாவுக்குப் பெரிய அலமாரி.

#17 காந்தத்தூள்

ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் குறைந்தபட்சம் 48, 24 பிட் என்றுதான் சொல்கிறது. அதனால் பேச்சுக்கு 48 போதும் என்றால் சண்டை போட மாட்டேன். 24 பிட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அளவைத் தாழ்வாக வைத்துப் பதிந்தாலும் இரைச்சலில் மூழ்காமல் இருப்பது அதனால்தான். நான் 96 போடுவதற்குக் காரணம், இரண்டாவது முறை ஓட்டும் வாய்ப்பு கிடைக்கும் என்று நம்பாதது. "டிக்" என்ற கீறல் சத்தங்களை அடையாளம் கண்டு நீக்கும் மென்பொருளுக்கும் கூடுதல் விவரம் கைகொடுக்கும்.

வாய்ப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் டேப் மட்டும் பிரச்சினை இல்லை. அந்தச் சங்கமும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2019-இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம் 2025-ஐக் கெடுவாகப் பேசியதற்கு முக்கியக் காரணம் கருவிகள். ஓட்டும் டெக், உதிரி பாகம், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கை, இவை டேப்பைவிட வேகமாகக் காணாமல் போகின்றன.

#18 வால்வுக்காலம்

கை என்றால் இங்கே ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நடுங்குகிறது.

#19 தூசிதட்டி

ஒரு சிக்கல். "நான் பேசியது" டேப்பை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இது அவர் குரல் இல்லை, இவ்வளவு கீச்சாக இருக்காது" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அப்பா குரல் மாதிரிதான் தெரிந்தது. டெக்கில் வேகம் 9.5 என்றுதான் வைத்திருக்கிறேன். அடுத்த வேகத்தில் போட்டால் இரட்டிப்பாகி எலி மாதிரி கேட்கிறது, அதனால் இது சரியான வேகம்தான்.

#20 ஈரக்காது

அம்மாவின் காதை நம்புங்கள். அவர் அந்தச் சுருதியோடு எத்தனை வருஷம் இருந்தவர்!

#21 வால்வுக்காலம்

ஈரக்காது தம்பி சொல்வது சரி. உங்கள் டெக் சரியான வேகத்தில் ஓடலாம், அப்பாவின் பழைய ரிக்கார்டர் ஓடியிருக்காது. பட்டை தளர்ந்து மெதுவாக ஓடிய கருவியில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மின்சாரத்தில் ஓடிய ரிக்கார்டர் என்றால் பதிவின் அடியில் "ம்ம்ம்" என்ற மின்சார முனகல் மெல்லியதாக ஒட்டியிருக்கும். உங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அந்த முனகல் 50-இலோ, அதன் இரட்டிப்பான 100-இலோ நிற்க வேண்டும். அப்பா பேசாத ஓர் இடத்தை எடுத்து மென்பொருளில் அலைவரிசைப் படம் போட்டுப் பாருங்கள், எங்கே நிற்கிறது என்று. உங்கள் டெக்கின் சொந்த முனகலும் சரியாக 50-இலும் 100-இலும் தெரியும். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் தள்ளி நிற்கிற கோட்டைத் தேடுங்கள்.

கேப்ஸ்டன் இல்லாத சின்ன பேட்டரி ரிக்கார்டரில் பதிந்தது என்றால் கதை வேறு. அதில் சுருள் பெருக்கப் பெருக்க வேகம் கூடிக்கொண்டே போயிருக்கும். தொடக்கத்தில் கீச்சாகவும் முடிவில் தொய்ந்தும் கேட்கும், ஒரே எண்ணால் திருத்த முடியாது.

#22 தூசிதட்டி

ஐயா, 106-இல் நிற்கிறது! தொடக்கத்திலும் முடிவிலும் அதேதான். 53-இலும் ஒரு சின்ன மேடு. டெக்கின் 100 தனியாகத் தெரிகிறது.

#23 வால்வுக்காலம்

அப்படியானால் 6 சதவீதம் வேகம், ஏறக்குறைய அரைச் சுரம். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, வேகத்தை 0.943 ஆகக் குறையுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும்.

#24 தூசிதட்டி

செய்தேன். அம்மா இந்த முறை எழுந்து போகவில்லை. இரண்டு பக்கமும் கேட்டார். நடுவில் அப்பா கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொல்லும்போது, "அது ஓடவே இல்லை" என்று பதில் சொன்னார்.

#25 சந்தேகப்பேர்வழி

சரி. முனகலை வைத்து வேகம் பார்ப்பது எனக்குத் தெரியாது. என் 40 ஸ்பூலில் எத்தனை கீச்சாகக் கிடக்கின்றனவோ. முனகலை அப்போதே வடிகட்டி எறிந்துவிட்டேன், மூலக் கோப்பும் இல்லை.

#26 காந்தத்தூள்

டேப்புகள் இருக்கின்றன அல்லவா? அப்போது ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

தூசிதட்டி, வினிகர் வாடை அடித்த ஸ்பூலை இன்னும் மற்றவற்றோடுதான் வைத்திருக்கிறீர்களா? முதலில் பிரித்து வையுங்கள். அந்த வாடை அசெட்டிக் அமிலம். அது மேலும் சிதைவைத் தூண்டும், பக்கத்து அசிடேட்டையும் தொற்றும். மூடிய தகரப் பெட்டி அதற்குக் கொண்டாட்டம். காற்றோட்டமான, வறண்ட, குளுமையான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

அந்த ஸ்பூலைப் பதிவதுதான் இனி உங்கள் முதல் வேலை. டேப் குறுக்கே குழிந்திருக்கும், ஹெட்டைச் சரியாகத் தொடாமல் ஒலி ஏறி இறங்கலாம். இழுவிசை குறைந்த கருவியில், வேகச் சுற்று இல்லாமல், நேராக ஓட்டிப் பதியுங்கள். பழைய ஒட்டுகள் பிரிந்து வரும். அதற்கென்று விற்கும் ஒட்டு நாடாவால், பின்பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். சாதாரண செல்லோடேப் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஓடி முடிந்ததும் திரும்பச் சுற்றாமல் அப்படியே, வால் (பதிவின் முடிவு முனை) வெளியே இருக்கும்படி வைத்துவிடுங்கள். சீராகச் சுற்றியிருக்கும், படிகிற எதிரொலியும் பாட்டுக்குப் பின்னால் விழுந்து காதுக்குத் தெரியாது.

அட்டை, ஸ்பூல், உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள். மூன்று பிரதி, ஒன்று வேறு வீட்டில்.

#27 தூசிதட்டி

பதிந்து முடித்த டேப்புகளை என்ன செய்வது? அண்ணன் இடத்தை அடைக்கிறது, எறிந்துவிடு என்கிறார்.

#28 வால்வுக்காலம்

அண்ணனிடம் என்னோடு பேசச் சொல்லுங்கள். இன்று கால்தட ஹெட்டில் எடுத்ததை நாளை அரைத்தட ஹெட்டில் இன்னும் சுத்தமாக எடுக்கலாம். சூடு காட்டியதை மறுபடியும் சூடு காட்டலாம். எறிந்ததை?

#29 தூசிதட்டி

எறிய மாட்டேன் ஐயா. வினிகர் ஸ்பூலை இந்த ஞாயிறு ஓட்டப் போகிறேன். அட்டையில் ஒன்றும் எழுதவில்லை, என்ன இருக்கிறதோ.

#30 வால்வுக்காலம்

அதெல்லாம் இருக்கட்டும். சிவப்புப் பொத்தானில் டேப் ஒட்டினீர்களா?

#31 தூசிதட்டி

இப்போது ஒட்டிவிட்டேன்.